கசங்கலாக விரித்த வலை

போன வாரம் தென்னை நாரில் செய்த பூந்தொட்டி ஒன்று வாங்கினேன். பால்கனியில் வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள். ஈர நார், கொஞ்சம் பழைய சாக்கு. நடவேண்டிய தக்காளி நாற்றை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் முதல் வேலை முழுக்க அந்த வாசனைதான்.

திருப்பூருக்குத் தெற்கே ஒரு ரயில்வே மேம்பாலம். அதற்கு ஏறும் சாலைக்காகக் கொட்டிய மண்மேட்டின் சரிவு அரிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் எதையும் எண் போட்டு யோசிப்பவள். ஒன்று, தென்னை நார் வலையைச் சரிவில் விரிப்பது. இரண்டு, மூங்கில் முளைகளை அடிப்பது. மூன்று, வலைக்கண்களில் புல் நடுவது. நான்காவதாக, மழைக்கு முன் முடிப்பது என்றும் சேர்த்துக்கொண்டேன், என்னவோ மழை என்னிடம் ஒப்பந்தம் போட்ட மாதிரி.

மேட்டின் அடியிலேயே லைன் வீடுகள். முந்தைய மழையில் செம்மண் கரைந்து அவற்றுக்குள் போயிருந்தது. அங்கே குடியிருந்த சபீனா அக்காதான் வலை விரிக்க ஆள் கூட்டிவந்தார். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்திருந்த மாதங்கள். வந்த பெண்கள் எல்லோரும் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் கை பழகியவர்கள்.

"எங்கூட்டுக்குள்ள இன்னொருக்கா சேறு வந்துச்சுன்னா, உங்க ஆபீஸ்லதான் வந்து படுத்துக்குவேனுங்க" என்று சபீனா அக்கா முதல் நாளே சிரித்தார். அதில் பாதிதான் வேடிக்கை.

அவர்கள் வேலை அவ்வளவு அழகு. அழகுதான் சிக்கல். கட்டிங் மேஜையில் துணி விரிப்பதுபோல வலையை விறைப்பாக இழுத்து முளை அடித்திருந்தார்கள். நீட்டிக்கொண்டிருந்த நாரைப் பிசிறு என்று கத்தரித்தும் விட்டார்கள். பள்ளமான இடங்களில் வலை மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. தளர்வாக விடுங்கள், மண்ணோடு படிந்து கிடக்க வேண்டும் என்று விளக்கினேன். எல்லோரும் 'ஆமாங்க' என்றார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடுத்த வலையும் இஸ்திரி போட்டதுபோல! சுருக்கம் இருந்தால் பீஸ் ரிஜெக்ட் என்று கை பழகிவிட்டது. கைக்கு யார் பாடம் நடத்துவது?

கடைசியில் ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். அது வலைக்கு அடியில் புகுந்து ஓடி, கீழே நின்ற சபீனா அக்காவின் செருப்பில் செஞ்சேறாக வந்து சேர்ந்தது. அவர் செருப்பைப் பார்த்தார். திரும்பித் தன் வாசலைப் பார்த்தார்.

"இதுக்கு டைட் பிட்டிங் ஆகாதுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?"

அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன் என்றேன்.

"நீங்க பாடம் நடத்தறாட்டம் சொன்னீங்க" என்றவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ புள்ளைகளா, கசங்குன லுங்கியாட்டம் போடுங்க. ஒரு எடம் நேரா இருந்தாலும் ரிஜெக்ட்!"

அடித்த முளைகளையெல்லாம் பிடுங்கினார்கள். அதன்பின் யார் அதிகம் கசக்குவது என்பதில் ஒரே போட்டி, ஒரே கேலி.

புல் வேர் பிடிக்கும் முன்பே மழை கொட்டியது. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சரிவில் ஒரு கீறல் இல்லை. வாசலில் நின்ற சபீனா அக்கா, "உள்ள வாங்க கண்ணு, டீ சாப்பிடலாம்" என்றார். அன்று அந்த வீட்டுக்குள் போன சேறு என் ஷூவில் ஒட்டியிருந்தது மட்டும்தான்.

அந்தப் பெண்கள் கம்பெனிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். மண்மேடு இப்போது இடுப்புயரப் புல்லுக்குள் இருக்கிறது. சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது இறங்கிக் கிளறிப் பார்த்தேன். வலையும் இல்லை, முளையும் இல்லை; மக்கி மண்ணாகிவிட்டன. மக்கிப்போவதற்கென்றே வாங்கியவைதான். விரலில் சிக்கியதெல்லாம் வேர்.