மாடில்லாத மாட்டுப் பண்ணை

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், எதிலும் ஆழம் பார்த்து இறங்குகிறவர் இல்லை. தலைகீழாகக் குதித்த பிறகுதான் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பார்.

அக்கா பார்த்துப் பார்த்து நடத்திய மாட்டுப் பண்ணையில் வெளியூர்க்காரர்களை வாடகைக்குத் தங்கவைக்கும் ஆசையும் அப்படித்தான் வந்தது. வருகிறவர்களுக்குச் சாணி நாற்றம் ஆகாதாம்! அக்கா என் வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து மாடுகள் அத்தனையையும் விற்றுவிட்டார். திரும்பிப் போன அக்கா சண்டை போடவில்லை. காலித் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்தத் தொழுவத்தையும் மூன்று அறைகளாக்கி, வழவழவென்று டைல்ஸ் பதித்தார் மகானுபாவர்.

அறைகளுக்கு அனுமதி கொடுக்க அரசாங்க ஆய்வாளர் வந்தார்.

"பண்ணை எங்க சார்?"

"இதுதான் சார்."

"மாடு?"

"வாசனை வருதுன்னு..."

ஆய்வாளர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இது விவசாய நிலம். விவசாயம் நடந்தாத்தான் விருந்தாளிங்க தங்கலாம். இல்லேன்னா இது லாட்ஜ், இடிக்கணும். அடுத்த மாசம் வந்து பார்ப்பேன்."

அத்தான் அன்றைக்கே கிளம்பினார். மாடுகளை வாங்கியவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு மாட்டைத் திருப்பி ஓட்டிவந்தார். எங்கே கட்டுவது? இரண்டு அறைகளுக்குள்தான். டைல்ஸில் மாடுகள் வழுக்கின. பார்த்துப் பார்த்து வாங்கிய டைல்ஸைத் தானே கடப்பாரையால் பெயர்த்தார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"கண்ணாடியை மட்டும் கழட்டிடாதீங்க அத்தான். அதுங்க தலை சீவ வேணாமா?"

முறைத்தார்.

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். "மாடு இருக்கு, சரி. பார்த்துக்க வீட்டு ஆள் இருந்தாத்தான் அனுமதி. யாரு பார்த்துக்கிறது? நீங்க பால் கறப்பீங்களா?"

மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுகூட அத்தானுக்குத் தெரியாது. பரிதாபமாக அக்காவைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் மிஞ்சிய அறையாவது பிழைக்கும்.

அக்கா சாவகாசமாகக் கையைத் துடைத்தாள். "விக்கிறப்ப என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

இப்படிப் பட்டென்று உண்மையைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். அதுங்க உன்னோட மாடு. நான் வித்திருக்கக் கூடாது."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பண்ணையை நடத்துறது நான்தான் சார்."

"அப்போ இவரு?"

அக்கா அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். "இப்போதான் சார் வேலைக்குச் சேர்ந்திருக்காரு. பார்ப்போம்."