சௌந்தரராஜன் பிடித்த சணல் பந்து

சௌந்தரராஜன் அனந்தலக்ஷ்மிக்குப் புருஷன் மட்டுமல்ல, சொந்த அத்தை பிள்ளை. இருந்தும் அவன் பந்துக்குப் பயப்படுகிறவன் என்பது அவளுக்குத் தெரியாது. வங்காளத்தில் அவர்கள் குடியிருந்த லேக் மார்க்கெட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி அவனைக் கிரிக்கெட்டுக்காகவே வேலைக்கு எடுத்திருந்தது. காலையில் சரக்குச் சீட்டு எழுதுவான், மத்தியானம் பயிற்சிக்குப் போவான். கை போனால் அந்த மேஜை வேலையும் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஒரு வேகப்பந்து அவனுடைய வலது மோதிர விரலை உடைத்தது. கோணலாகக் கூடிய அந்த விரலில்தான் அமாவாசைதோறும் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணப் பவித்திரம் போட்டுக்கொள்வான். தர்ப்பை மோதிரம் அந்தக் கோணலில் சிக்கிச் சிக்கி ஏறும்போதெல்லாம், இன்னொரு அடி தாங்காது என்று நினைத்துக்கொள்வான். அப்புறம் அவன் ஆடிய ஆட்டமெல்லாம் பயம் ஆடிய ஆட்டம். மட்டையை இறுக்கிப் பிடிக்கமாட்டான். பந்து வந்து பட்டு, செத்து, காலடியிலேயே விழும். பந்து போட்டால் மெதுவாக, உயரத் தூக்கி, யாரும் நேரே தன்மேல் திருப்பி அடிக்க முடியாதபடி ஒதுக்கிப் போடுவான். மட்டைக்காரனுக்குப் பின்னால் ஸ்லிப்பில் நின்றால் பந்தை எதிர்த்துப் போகாமல், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே, தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோல வாங்குவான். கம்பெனி அணியின் கேப்டன் முகமது இஸ்மாயில் கீழக்கரைக்காரர். அவர்தான் ‘பூங்கை’ என்று பேர் வைத்தார்.

அறுபத்தொன்பதில் கம்பெனி அணி கொழும்புக்குப் போய் மூன்று மேட்ச் ஆடிவிட்டு வந்தது. அதிலிருந்து தெருவுக்கே அவன் இன்டர்நேஷனல் ஆல்ரவுண்டர். அனந்தலக்ஷ்மி எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, கையில் எது அகப்பட்டாலும் “இன்டர்நேஷனல், பிடிங்கோ” என்று வீசுவாள். ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை.

எழுபத்தொன்றில் அரசியல் கலவரத்தில் ஊரே நடுங்கிக் கிடந்தது. எந்தச் சந்தில் என்ன வெடிக்கும் என்று தெரியாது. கீழ் வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமா ஒரு நாள் அனந்தலக்ஷ்மியிடம், தெருவில் பேட்டோ நடமாடுகிறது, ஜாக்கிரதை என்று சொன்னாள். பேட்டோ என்றால் அங்கே கையால் செய்கிற நாட்டு வெடிகுண்டு. இவள் அதைக் கிரிக்கெட் பேட் என்று எடுத்துக்கொண்டு, எங்களிடமும் இரண்டு இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் என்று அரைகுறை வங்காளத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அன்று முதல் மாஷிமா இவர்கள் தலையைக் கண்டாலே கதவைச் சாத்தினாள். ஏன் சாத்துகிறாள் என்று தெரியாமல் சௌந்தரராஜன் அதற்கும் பயந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துக்குப் பக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. கடைகள் கதவு இழுக்கிற சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டே நடந்து வீடு வந்தான். அனந்தலக்ஷ்மி துணி உலர்த்தக் கொடி கட்டுவதற்காக முக்காலிமேல் நின்றாள். மளிகைப் பொட்டலத்துச் சணலைத் தூக்கிப் போடாமல் உருண்டையாகச் சுற்றி வைப்பது அவள் வழக்கம். இப்போது அவள் கையிலிருந்த உருண்டை அவள் சுற்றினதில்லை. கத்தி முனையால் அதைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“மாடிப்படிக்குக் கீழ கெடந்ததுன்னா. கடைக்காரன் விட்டுட்டுப் போயிருக்கான். நுனியே அகப்படலை. உள்ள கல்லை வச்சுச் சுத்தியிருக்கான் போல, என்ன கனம்!”

இறுக்கிச் சுற்றிய சணல். இடுக்கில் கறுப்புப் பொடி. துறைமுக வாசலில் போலீஸ்காரர்கள் இதே மாதிரி ஒன்றைத் தண்ணீர் வாளியில் இறக்கியதை அவன் பார்த்திருக்கிறான். கத்தினால் கீழே போட்டுவிடுவாள். கை மட்டும் தானாக நீண்டது.

அவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். “இன்டர்நேஷனல், பிடிங்கோ” என்று வீசினாள்.

பந்து விரலைத் தொட்ட கணத்திலேயே கை பின்னால் போனது. முழங்கை மடங்கி, முழங்கால் மடங்கி, அதை வாங்கிக்கொண்டே அவன் தரையில் உட்கார்ந்தான். சத்தம் இல்லை. எழுந்து, மூச்சு விடாமல் குளியலறைக்கு நடந்து, அண்டாத் தண்ணீரில் முழங்கை வரை இறக்கினான். குமிழி ஒவ்வொன்றாக வந்தது. கையை எடுக்கத் தைரியம் வரவில்லை.

அனந்தலக்ஷ்மி பின்னாலேயே வந்து, என்ன அது என்று கேட்டாள்.

“பேட்டோ” என்றான்.

“பேட் கட்டிலுக்கடியிலன்னா இருக்கு?”

அவன் குண்டு என்று சொன்னதும் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அவளுக்கு மாஷிமா சாத்திய கதவின் அர்த்தம் விளங்கியது.

அடுத்த ஞாயிறு ஸ்லிப்பில் ஒரு சுலபமான கேட்ச் வந்தது. சௌந்தரராஜன் அசையவில்லை. பந்து தொடையில் பட்டு விழுந்தது.

“என்ன தம்பி, பூங்கைக்கு என்னாச்சு?” என்றார் இஸ்மாயில்.

“வெரல் இருக்கான்னு பாத்துண்டிருந்தேன்.”

இஸ்மாயில் அவனை ஸ்லிப்பிலிருந்து எடுத்து எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். காரணத்தைக் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. பந்து போட்டும் மட்டை பிடித்தும் அவன் இன்னும் ஒன்பது வருஷம் மேஜையைக் காப்பாற்றிக்கொண்டான். வீட்டில் மட்டும், ஒரு எலுமிச்சம்பழம் வேண்டுமென்றாலும் அனந்தலக்ஷ்மி எழுந்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவாள்.