ரூத் கூட்டிப்போன கச்சேரி

இந்த நாட்டில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் சிரித்துப் பேசிய ஒரு தம்பதி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆசையாகப் போனோம். காபி முடிந்ததும் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வட்டம் வட்டமாக வரைந்து, சோப்பு விற்கும் சங்கிலியில் சேரச் சொன்னார்கள். மெட்ராஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என் சம்பளம் வரை விசாரித்தபோதுகூட வராத பயம் அன்று வந்தது.

அதனால்தான் நாங்கள் குடியிருந்த சான் ரமோனில், என் ஆபீஸில் வேலை பார்த்த ரூத் இரண்டு டிக்கெட்டுகளோடு என் மேஜை முன் நின்றபோது மனம் எச்சரித்தது. ஐம்பதை நெருங்கும் ஜப்பானிய முகம். இரண்டு வருஷமாக மழை, வெயில் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை. ஜப்பான் கார்கள் அமெரிக்கர்களின் வேலையைத் தின்கின்றன என்று எல்லோரும் பொருமிக்கொண்டிருந்த காலம். ரூத் ஓட்டியதோ நீளமான அமெரிக்கக் கார்.

"சனிக்கிழமை மத்தியானம் ஒரு கான்செர்ட். ஜப்பான் கம்போஸர் ஒருத்தரோட புது ஆர்கெஸ்ட்ரா பீஸ். என்கூட வரியா?" என்றாள்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சிரித்தார். "முதல்ல மியூசிக், அப்புறம் சர்ச், இல்லன்னா சோப்பு. எதுலயும் சைன் பண்ணிடாதே."

பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேரும்வரை, ரூத் எப்போது விஷயத்துக்கு வருவாள் என்று காத்திருந்தேன். மறுப்பதற்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மேடையில் அத்தனை பேர் இருந்தும் முதலில் ஒரே ஒரு முரசடி. பிறகு நீண்ட மௌனம். புல்லாங்குழல்காரர்கள் ஸ்வரமே எழாமல் வெறும் காற்றை ஊதினார்கள். வயலின்கள் ஒரே ஸ்வரத்தில் நின்று மெல்ல மெல்லப் பிசகின. இன்னும் சுருதிதான் சேர்க்கிறார்களோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. ரூத், பரீட்சைக்கு வந்தவள் போல விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் ரூத்திடம் திரும்பினாள். "உங்க நாட்டு மியூசிக்! எங்களுக்குக் கொஞ்சம் விளக்குங்களேன்."

"நான் ஃபிரெஸ்னோ. இதே கலிஃபோர்னியாதான்."

"அது சரி, நிஜமா எந்த ஊர்?"

ரூத் எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இதுக்குத்தான் பயந்தேன். எனக்கும் ஒண்ணும் புரியல," என்றாள். ஜப்பானோடு யுத்தம் நடந்தபோது, ஜப்பானிய வம்சம் என்பதற்காகவே, ஆறு வயதில் அவளைப் பெற்றோரோடு அமெரிக்க அரசாங்கம் பாலைவனத்தில் முள்வேலி முகாமில் அடைத்திருந்ததாம். வெளியே வந்தபிறகு அவள் அப்பா வீட்டில் ஜப்பானிய மொழியே பேசவிடவில்லையாம்.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

"ஒரு தடவையாவது கேக்கணும்னு ஆசை, தனியா வர பயம். உன்னையும் இப்படித்தானே கேப்பாங்க? ரெண்டு பேரா இருந்தா தாங்கிக்கலாம்னு நினைச்சேன்."

மறுப்பதற்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

மணி அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாள் என் புடவையைப் பார்த்தாள். "நீங்க எந்த ஊர்?"

வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு மெட்ராஸ் என்று பெருமையாகச் சொல்லி வந்தவள் நான்.

"சான் ரமோன்," என்றேன்.

"இல்ல, நிஜமா?"

"நிஜமாத்தான்."

விளக்குகள் அணைந்தன. ரூத் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ, அந்தப் பதில் மெட்ராஸில் இருக்கும் என் அம்மாவின் காதில் விழுந்துவிட்டதோ என்று இருந்தது.