தர்மம் என்று சொல்லாதவர்

எங்கள் தகப்பனார் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர், "முதலாளியப் போயி தர்மாஸ்பத்திரியிலயா போட்டீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

திருச்சி ஜில்லாவில் பிறந்தவர். இளவயதில் பெற்றோரை இழந்து, கப்பலேறி இலங்கைக்கு வந்து, ஹட்டனில் ஜவுளி மூட்டை சுமந்து, பிற்பாடு எங்கள் சிறு கடைவீதியில் சொந்தக் கடை வைத்தார். வீட்டுக்கே வந்து பார்க்கும் தனி டாக்டர் எங்களுக்கு உண்டு. ஆனாலும் தகப்பனார் காய்ச்சல் கண்டால் மருந்து வாங்க வெற்றுப் புட்டியோடு சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பின்னால் நிற்பார். தர்மாஸ்பத்திரி என்ற சொல் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

"யாரு தர்மம் போடுறா? தோட்டத்து ஆளு வாங்குற அரிசியிலகூட வரி இருக்குங்க. நம்ம ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க" என்பார்.

எனக்குக் கூச்சம் பிடுங்கும். "நீங்க நின்னா ஜனங்க என்னப்பா நெனைப்பாங்க?" என்றேன் ஒருநாள்.

"நாம நிக்காட்டி, மருந்து தீந்துபோச்சுன்னு ஆஸ்பத்திரி தொரைகிட்ட யார்றா போய்க் கேப்பா?" என்றார்.

அங்கே இன்னொரு வார்டு கட்ட ஊர்வரியை உயர்த்தும் பேச்சு வந்தது. தனி டாக்டர் இருக்கையில் நமக்கெதற்கு என்று வியாபாரிகள் ஆட்சேப மனு எழுதினார்கள். தகப்பனார் இந்தியா போயிருந்த சமயம், அவர் பேரில் நான் கையெழுத்திட்டேன். வார்டு வரவில்லை. திரும்பி வந்தவர் ஏசவில்லை. "என் பேர்லயா போட்ட?" என்று மட்டும் கேட்டார். பல நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. தனி டாக்டர் கையை விரித்து, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொன்னார். அங்கே கட்டில் காலியில்லை. ஐந்து நாள் வராந்தாவில் பாயில் கிடந்தார். சாரல் அடிக்க, நான் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். என் பாவம், வேறென்ன சொல்ல? அடுத்த பாயில் கிடந்த தோட்டத்துப் பெரியவர், "ஐயாவுக்கு இதப் போத்துங்க" என்று தம் கம்பளியைத் தந்தார். அதன் அடியில்தான் தகப்பனார் கண் மூடினார்.

அப்பெரியவருக்கும், முகம் சுளிக்காத நர்ஸம்மாவுக்கும், வரி கட்டிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வார்டு வேண்டுமென்று புது மனு கடை மேசையில் இருக்கிறது. திவசத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டபின் கையெழுத்திட்டுப் போக வேண்டுகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இம்முறை என் பேரில்தான் போட்டிருக்கிறேன்.