மாதா குளத்துத் தண்ணீர் மேல் போட்ட பழி

திருவாண்டார்கோயில் பக்கத்தில் நான் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியில், பெல்ட்டுக்குப் பக்கத்தில் போவதற்கு முன் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. தெரியாமல் மூக்கைச் சொறிந்துவிட்டால்கூட உறையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, வேறு உறை மாட்ட வேண்டும். இல்லையென்றால் சூப்பர்வைசர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு பிஸ்கட்டுக்குக் கிடைக்கும் மரியாதை என் அக்காவின் காலுக்குக் கிடைக்கவில்லை.

அக்கா மதகடிப்பட்டு முனையில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மெயின் ரோட்டிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடிச் சுவர், வாசலில் பிளாஸ்டிக் புல், உள்ளே நுழைந்ததும் மல்லிகை வாசனை ஸ்பிரே. அங்கே சேர்த்தோம். காலுக்குள் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதும் அம்மா நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

எங்கள் கோயில் பங்கு மக்களில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஆப்பிள் போவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர் போய்விடும். வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீர். நெற்றியில் ஒரு சிலுவை, நோகிற இடத்தில் ஒரு சிலுவை. டாக்டர் பாதி, மாதா பாதி என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். அம்மாவும் கொண்டுவந்தாள். நெற்றியில் வைத்தாள். காலில் வைக்க இடமே இல்லை, தொடை வரைக்கும் கட்டு. விரல்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கட்டைவிரலில் தொட்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் உள்ளே வந்தார். அம்மா செய்தது அவ்வளவுதான்.

அந்த வார்டு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் தொட்டியில் சோப்பு இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு தொங்கும். நோயாளி, துணைக்கு வந்தவர், நர்ஸ் எல்லோருக்கும் அந்த ஒரே துண்டு. அது எப்போதும் ஈரமாகவே இருக்கும். மூடியில்லாத பக்கெட்டில் அவிழ்த்துப் போட்ட கட்டுத்துணி பழுப்பும் மஞ்சளுமாகக் கிடக்கும், அதன் மேல் ஈ. வாசல் மல்லிகை அங்கே வரைக்கும் வராது. கட்டு மாற்றுகிற ஆள் முதல் கட்டிலில் மாட்டிய உறையோடு கடைசிக் கட்டில் வரைக்கும் வருவார். நடுவில் அதே கையால் போன் எடுத்துப் பேசுவார்.

"அண்ணா, உறைய மாத்திட்டுத் தொடுங்கண்ணா" என்றேன்.

"இன்னாம்மா, நீ டாக்டரா? இங்க எல்லாம் ஸ்டெரைல்தான்" என்றார். ஸ்டெரைலாம்!

கொஞ்ச நாளில் அக்காவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கட்டு நனைந்தது. பிறகு நாற்றம். மறந்துபோன கூடை அடியில் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த நாற்றம். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்கிட்ட வராதடி, நாறுது" என்றாள். சொந்தக் காலைப் பார்த்து அருவருத்துப்போய்ப் படுத்திருந்தாள் அவள். கட்டைப் பிரித்தபோது தையல் வாய் திறந்து சீழ் வழிந்தது.

காயத்திலிருந்து எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது என்று நர்ஸ் வாய் தவறிச் சொன்னார். வார்டுக்கு வந்திருந்த டாக்டரிடம் ஓடினேன். "என்ன கிருமி சார்? எங்கிருந்து வந்துச்சு?"

"அதெல்லாம் டெக்னிக்கல்மா. உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க சார். அவ காலுதானே சார்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வார்டே கேட்க, அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "குளத்துத் தண்ணியக் கொண்டாந்து காயத்துல தடவினா கிருமி வராம என்ன வரும்? நாங்க கஷ்டப்பட்டு ஆபரேஷன் பண்ணுவோம், நீங்க அழுக்குக் கையோட வந்து கெடுப்பீங்க. காலை எடுக்க வேண்டி வந்தா நான் பொறுப்பில்ல."

அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடவு நட்ட கை, நகக்கண்ணில் கறுப்பு இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவற்றை அப்படியே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அன்று முதல் அக்காவைத் தொடவில்லை. சோறு ஊட்டக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு, மகள் காலைக் கெடுத்த பாவத்தைச் சொல்லியிருக்கிறாள். அது பாவமில்லை, போய் நிம்மதியாக இரு என்று சாமியார் சொன்னாராம். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்கும்போது எங்கள் கோயிலில் இப்போது எல்லோரும் கையில்தான் வாங்குகிறோம். கொரோனாவில் வந்த பழக்கம். அம்மா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து நின்றாள்.

காலைக் காப்பாற்ற வேண்டும் என்று அக்காவைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்து அம்மா ஒருத்தி. மதகடிப்பட்டுச் சந்தைக்கு மீன் கொண்டுவந்தவள், வேன் படியில் இடறி இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பேச்சுக் கொடுத்ததில் அவளும் அதே கண்ணாடி ஆஸ்பத்திரி, அதே ஆபரேஷன் தியேட்டர், அதே சீழ்.

"ஒங்களுக்கு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"கருவாடு துன்னதால சலம் வெச்சிதாம். வூட்டாளுங்க மேல மீன் கவிச்சியாம், அதுல கிருமி இருக்குதாம். என் மருமவ மீனு கூடயத் தொட்டுட்டு வந்து எனக்கு மேலு தொடச்சி வுட்டா. அவளப் போட்டுத் திட்டித் தீத்துட்டேன். பாவம், அழுதுகினே வூட்டுக்குப் போனா."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதாவைக் கும்பிடுகிறவளுக்கு மாதா தண்ணீர், மீன் விற்கிறவளுக்குக் கருவாடு. ஆளுக்குத் தகுந்த பழியை அளவெடுத்துத் தைத்துப் போட்டிருக்கிறார்கள். உறை மாற்றத்தான் நேரமில்லை, இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது. சீ!

புது ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். சேர்க்கும்போதே அந்தத் தண்ணீர்க் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். காயத்தைக் கழுவ தியேட்டருக்குக் கொண்டுபோய் வந்த பிறகு, நான் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "இது ஆஸ்பத்திரிக்குள்ள பரவற கிருமி. சாதாரண மருந்துக்கு மசியாது. உள்ளே தகடு வச்ச எலும்பு வரைக்கும் போயிருக்கு. விரல்ல தொட்டு வச்ச தண்ணி அங்கே போகாது. ஆபரேஷன் நேரத்துலயோ கட்டு மாத்தும்போதோ வந்திருக்கும். உங்களுக்குச் சொல்லலையா? கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கேட்காட்டியும் அவங்க சொல்லியிருக்கணும்."

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தலையை ஆட்டினாள். டாக்டர் போனதும் என்னிடம், "அந்தம்மா நல்லவங்க. நான் அழுவக் கூடாதுன்னு அப்பிடி சொல்றாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழி போட்டவன் வாயாலேயே வந்தால்தான் அம்மாவுக்கு அது இறங்கும். அக்காவின் கால் தப்பியது. தகட்டை எடுத்தார்கள், எலும்பு கோணலாகச் சேர்ந்தது, வாழ்நாள் முழுக்கக் கோல் ஊன்ற வேண்டும். அவள் வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மல்லிகை அப்படியே இருந்தது. மேனேஜர் அம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்.

டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். குரலை இறக்கிக்கொண்டு, "தியேட்டர்ல கொஞ்சம் பிரச்சனை இருந்தது. இப்போ சரி பண்ணிட்டோம். எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்கறதுதான்" என்றார்.

"அதை எங்கம்மாகிட்ட சொல்லுங்க சார். எனக்கு வேற எதுவும் வேணாம். ஒங்க கையால வரலன்னு ஒரு வார்த்தை."

"வயசானவங்க. அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? சொன்னா ஊரெல்லாம் சொல்லுவாங்க."

"அழுக்குக் கைன்னு வார்டுக்கே கேக்கற மாதிரி சொன்னீங்களே, அப்போ மட்டும் வயசு தெரியலயா?"

அவர் பெல்லை அழுத்தினார். மேனேஜர் வந்து கதவைத் திறந்து பிடித்தார். "சார், இங்க வந்து எங்கம்மாகிட்ட சொல்லுங்க!" என்று கத்தினேன். வரவேற்பில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். அம்மா எழுந்து வந்து என் முந்தானையை மட்டும் பிடித்து இழுத்தாள்.

"வுடுடி. தப்ப நம்ம மேல வெச்சிகினு அவுரு கிட்ட இன்னா சண்ட?"

உண்மை அந்த மனிதனுக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டான். சீழைவிட நாறியது எனக்கு அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா முதன்முதலாகக் கோல் ஊன்றிப் பூசைக்கு வந்தாள். நன்மை வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நின்றாள். தன் முறை வந்து வாங்கியதும் நகராமல் திரும்பினாள். அம்மாவின் கையைப் பின்னாலிருந்து இழுத்து, விரித்து, சாமியாருக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"வாங்கும்மா. என் காலு சொல்லுது, வாங்கு."

சாமியார் காத்திருந்தார். அம்மா அக்காவின் காலைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல விடுவித்து, புடவையில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.