காண்டாக்காரிகள் சுற்றிய ராட்டினம்

தோட்டத்துப் பெண்கள் என்றாலே அட்டைக்கடியும் அழுகையும்தான் என்று எழுதுகிறார்களே, அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அட்டை கடித்தது, உண்மைதான். அழுதோம், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நாங்கள் ராட்டினமும் சுற்றினோம் ஐயா, இன்ஜின் இல்லாத ராட்டினம். அதையும் எழுதுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. பாலிங் ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, அம்மாவோடு பால் மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அண்ணன் தோட்டத்து டிராக்டர் ஓட்டினான். அப்பா இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஃபன்ஃபேர் கொண்டுவந்து பந்துத் திடலில் போட்டார். வளையம் எறியும் கடை, மரக்குதிரை, ஆறு பெட்டி வைத்த ராட்டினம். ராட்டின வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது அண்ணன் வந்தான். கையைப் பிடித்து, சனமெல்லாம் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு அந்தரத்துல என்னடி வேலை? பாவாடை பறந்தா யாருக்கு அவமானம்?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கையைக் கடித்திருக்க வேண்டும். கடிக்கவில்லை, அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

கடைசி நாள் ராட்டினத்தின் இன்ஜின் புகைந்து நின்றுவிட்டது. தவுக்கே மற்றதையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு, இதற்கு இன்னொரு லாரி வரும் என்று சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். மாதக்கணக்கில் அது திடலோரம் சும்மா நின்றது. கீழ்ப் பெட்டியில் கோழி முட்டையிட்டது. செத்த சாமான் என்றார்கள் எல்லாரும்.

நான் மட்டும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் பால் நிறுக்கப் போகிறோம். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளி. இரண்டு வாளியும் சமமாக இருந்தால் அந்தக் கம்பை ஒரு விரலால் திருப்பலாம். சட்டென்று நின்றேன். "அம்மா, இந்த ராட்டினமும் காண்டாதானே?" என்றேன்.

"ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள் அம்மா. பிறகு அவளும் நின்று பார்த்தாள்.

அன்று மத்தியானமே கோழியை விரட்டி, அச்சுக்கு எண்ணெய் விட்டோம். எதிரெதிர்ப் பெட்டிகளில் சம எடையாக ஆள் ஏற்றினோம். யாருக்கு யார் ஈடு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவோம், தினமும் தோளில் சுமக்கிறவர்கள் அல்லவா! கீழே நின்ற இரண்டு அக்காமார் தள்ளியதும், அடி ஆத்தாடி, சுற்றியது! பால் மரத்தை அதுவரை அடியிலிருந்துதான் பார்த்திருந்தேன். அன்றுதான் உச்சியைப் பார்த்தேன். கத்திச் சிரித்தேன். பாவாடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் எங்கேயும் பறக்காது, இதற்குப் போய் அவ்வளவு பேச்சு!

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் தினமும் பெண்கள் கூட்டம். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஆபீஸ் கிராணிக்குப் பொறுக்கவில்லை. "பஹாயா, பஹாயா" என்று ஆபத்தைப் பற்றி ஓதினார். பாம்பு கிடக்கிற காட்டில் எங்களை வேலைக்கு அனுப்பும்போது அந்த வார்த்தை எங்கே போயிருந்ததோ. ராட்டினத்தைச் சாய்த்து இரும்புக் கடைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

சொன்னபடி ஒரு மத்தியானம் டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தது அண்ணன். பின்னால் மோட்டார் சைக்கிளில் கிராணி. நான் உச்சிப் பெட்டியில் இருந்தேன், எனக்கு நேர் கீழே அம்மா. மற்றப் பெட்டிகள் காலி.

"இறங்கு" என்றார் கிராணி.

"மாட்டேன். நான் இறங்கினா நீங்க சாய்ச்சிருவீங்க."

அவர் அம்மாவிடம் திரும்பினார். அம்மா எழுந்தால் என் எடையே என்னைக் கீழே கொண்டுவந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "நீ எந்திரிக்கலைன்னா நாளைக்குப் பெரட்டுல ஒன் பேரு இருக்காது" என்றார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. அம்மா என்னை அண்ணாந்து பார்த்தாள். எழுந்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் பெட்டி ஆடியது. தள்ளுவதற்கு நின்ற அக்காமார் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அண்ணன் டிராக்டரிலிருந்து குதித்து ஓடி வந்தான். மறுபடியும் இழுக்கத்தான் வருகிறான், இந்தத் தடவை கடித்தே விடுவது என்று முடிவு செய்தேன்.

வந்தவன் அம்மா எழுந்த பெட்டியில் உட்கார்ந்தான். சங்கிலியை மாட்டிக்கொண்டான். என்னைவிட அவன் கனம், ஆட்டம் நின்றுவிட்டது.

"வண்டிய எடுடா!" என்று கத்தினார் கிராணி.

"ஓட்டத் தெரிஞ்சவங்க இருந்தா எடுக்கச் சொல்லுங்க ஐயா" என்றான் அண்ணன்.

அவருக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அதற்குள் லயமே திடலுக்கு வந்துவிட்டது. ராட்டினத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்காக அண்ணன் மூன்று மாதம் டிராக்டரை விட்டுப் புல் வெட்டினான். ராட்டினம், எண்பதுகளில் தோட்டம் விற்றுப்போகும் வரை சுற்றியது.

அன்று கிராணி போனதும் அம்மா, "டேய், எந்திரிடா, அவ இறங்கட்டும்" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல். "அன்னிக்கு வரிசையிலருந்து நான்தானே இழுத்தேன். இன்னிக்கு அவளா சொல்றப்ப இறங்கட்டும்."

நன்றாகப் பசி எடுத்த பிறகுதான் நான் சொன்னேன்.