கூடையோடு கல் வாங்கப் போனோம்

புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டில் சமையல் மேடைக்கு மட்டும் கல் போடாமல் இருந்தது. எங்கள் ஊரான வடக்கனந்தலில் யாரைக் கேட்டாலும், "கருப்பு போட்டுடுங்க, அழுக்கு தெரியாது" என்றார்கள். அழுக்கு இருந்தும் தெரியாமல் போவது எப்படி நல்லதாகும்? எனக்குப் புரியவே இல்லை. புளியும் மஞ்சளும் பட்டால் கல் என்ன ஆகும் என்று பார்க்காமல் வாங்க மனம் வரவில்லை.

அதனால் புளிக்கரைசல், எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு, நாத்தனாரோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

கிரானைட் கடைக்காரர் கூடையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாங்க, இங்கயே கொழம்பு வெக்கப் போறீங்களா?"

"கல்லு தாங்குதான்னு பாக்கணுங்க. ஒடஞ்ச துண்டு இருந்தா குடுங்க, போதும்."

"கருப்புதாங்க எதையும் தாங்கும்" என்றபடி மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளைப் பளிங்கில் எலுமிச்சைச் சாறு விட்ட இடத்தில் பளபளப்பு போய்விட்டது. வெளிர்சாம்பல் கல் எண்ணெயைக் குடித்துத் திட்டுத்திட்டாகக் கறுத்தது. கருப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை.

"நான் சொன்னேன் இல்ல?" என்றார் பெருமையாக.

"அண்ணி, இதையும் பாத்துடலாமா?" என்று நாத்தனார் தன் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தாள். பஞ்சை நனைத்துக் கருப்புத் துண்டில் அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு மை தொட்டதுபோல் ஆனது. தேய்த்த இடத்தில் கல் சாம்பல் நிறமாக வெளிறித் தெரிந்தது.

கடைக்காரர் பஞ்சை வாங்கி, சுவரில் சாய்த்திருந்த பெரிய கருப்புக் கல்லில் தானே தேய்த்தார். அதிலும் அதே மை.

"சாயம் பூசிக்கீறானுங்க. எனக்கே தெரியாதுங்க."

கோபித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ, "அந்த பாட்டிலைக் கொஞ்சம் குடும்மா" என்று வாங்கிக்கொண்டு வரிசையாக எல்லாக் கல்லையும் தேய்க்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு முறையும் மூன்று தலைகளும் பஞ்சின் மேல் குனிந்தன. சாயம் போன கற்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

கடைசி வரிசையில், தூசிக்கடியில், சிவப்புப் புள்ளிகள் விழுந்த ஒரு பழுப்புக் கல் இருந்தது. புளி, எண்ணெய், மஞ்சள், ரிமூவர் என்று எதை ஊற்றித் துடைத்தாலும் அப்படியே இருந்தது.

"இதை ஏன் காட்டவே இல்ல?"

"யாரும் கேக்கலீங்க. கருப்புதான் ஜாஸ்தி போவுது."

அதையே எடுத்தோம். கல் பதிக்கும் நாளில் ஆட்களோடு அவரும் வந்தார். "இப்பல்லாம் லாரியில வர்ற கல்லை தேச்சுப் பாத்துட்டுத்தாங்க எறக்கறேன்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார்.